செயற்கை முட்டியும் ஆவடிச் சாலையும்

பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்துக் கரையில் நடைபாதை போட்டது ஆவடி வட்டாரத்துக்குக் கிடைத்த நல்ல காரியங்களில் ஒன்று. ஆனால் கரையை விட்டு இறங்கி ஆவடி–பூந்தமல்லி சாலைக்கு வந்துவிட்டால் கதை வேறு. பேருந்தின் படி உயரம். ஷேர் ஆட்டோவில் முட்டியை நன்றாக மடக்காமல் உட்கார முடியாது. மழைக்காலத்தில் சாலையோரத்தில் மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது. ஆய்வகத்தின் வழவழப்பான தரையில் சோதித்துத் தேறிய செயற்கைக் கால் இங்கே தேறுமா? உயிரிப் பொறியியல் நிறுவனங்கள் மக்களிடம் போவதை, ஆராய்ச்சியெல்லாம் முடிந்தபின் செய்யும் சேவையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். முகாம் நடத்துவார்கள், கருவி கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மக்களிடம் போகும்போதுதான் இந்தத் துறையில் ஆராய்ச்சியே தொடங்குகிறது. அதைத் தள்ளிப்போடும் நிறுவனம் தவறான கேள்விக்கு மிகச் சரியான விடை கண்டுபிடித்துக்கொண்டிருக்கும்.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சி மையம் 2022-இல் வெளியிட்ட ‘கடம்’ என்ற செயற்கை முட்டியை எடுத்துக்கொள்வோம். தொடைப் பகுதியில் காலை இழந்தவர்களுக்கானது அது. பழைய வகை முட்டியில் கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சுதான். அதில் எடையை ஊன்றும்போது உடலின் பாரம் அச்சுக்குச் சற்றுப் பின்னால் விழுந்தாலும் முட்டி சட்டென்று மடங்கி ஆளைக் கவிழ்த்துவிடும். அதற்குப் பயந்தே பலர் காலை விறைப்பாக வைத்து இழுத்து இழுத்து நடக்கிறார்கள். கடமில் தொடைப் பக்கத்தையும் கீழ்க்கால் பக்கத்தையும் முன்னும் பின்னுமாக இரண்டு இணைப்புத் தண்டுகள் பிடித்திருக்கின்றன. ஆகவே முட்டி சுழலும் மையம் ஓரிடத்தில் நிற்பதில்லை. மடங்க மடங்க இடம் மாறுகிறது. கால் நேராக ஊன்றியிருக்கும்போது அந்த மையம் பாரம் விழும் கோட்டுக்குப் பின்னால் போய்விடுவதால் முட்டி தானாக மடங்காது. காலைத் தூக்கி வீசும்போது கால் சற்றுக் குட்டையாகி, நுனிவிரல் தரையில் தட்டாமல் முன்னே வருகிறது. இரண்டு தண்டுகளோடு மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் சேர்த்து ‘நான்கு தண்டு இயக்கம்’ எனப்படும் இந்த முறை உலகத்துக்குப் புதிதல்ல. கடமில் கவனிக்க வேண்டியது 160 பாகை வரை மடங்கும் வசதி. பேருந்து இருக்கையிலும் ஆட்டோவிலும் இடுக்கில் ஏறி இறங்குபவரை மனத்தில் வைத்துச் செய்த கணக்கு அது. நாற்காலியில் உட்கார மட்டும் என்றால் ஏறக்குறைய 90 பாகையே போதும். மீதிப் பாகைகளை ஆராய்ச்சிக்குக் கொடுத்தது தெரு.

இதற்கு முன்னோடி ஜெய்ப்பூர் கால். அந்நாளில் இறக்குமதியான செயற்கைப் பாதங்களுக்கு மேலே ஷூ வேண்டும், சம்மணமிட முடியாது, குந்தி உட்காரவும் முடியாது. வயலில் வெறுங்காலோடு இறங்குபவர் அதை வாங்கி என்ன செய்வார்? ஜெய்ப்பூர் மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சேத்தியோடு சேர்ந்து, முறையான பொறியியல் பட்டம் எதுவுமில்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மா 1960-களின் இறுதியில் ரப்பரில் வார்த்த பாதம், சேற்றிலும் தண்ணீரிலும் வெறுங்காலாகவே நடந்தது. தேவை எது என்று அறிந்தவர்களும் செய்யத் தெரிந்த கைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்ததன் விளைவு அது.

சாதாரண மக்களின் கருத்தைக் கேட்டா அறிவியல் செய்வது, உலோகத்தின் தேய்மானத்தைப் பற்றி நோயாளிக்கு என்ன தெரியும் என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்புதான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் வழிகாட்டலில் உருவான சித்ரா இதய வால்வைப் பாருங்கள். இதயம் ஆண்டுக்கு மூன்றரைக் கோடி தடவைக்கு மேல் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வின் வட்டு திறந்து மூட வேண்டும். முந்தைய வடிவங்கள் கைவிடப்பட்டன. செயற்கை நீலக்கல் வட்டின் கடினம் கைகொடுக்காத இடத்தில், இடுப்பு மூட்டு மாற்றுக்குப் பயன்படும் மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் கைகொடுத்தது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அந்தத் தேர்வை எந்த நோயாளியும் செய்திருக்க முடியாது; சோதனைச்சாலைதான் செய்தது. ஆனால் அப்படி ஒரு வால்வே வேண்டும் என்ற முடிவு எங்கிருந்து வந்தது? தொண்டைத் தொற்றில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சலால் இளம்வயதிலேயே வால்வு கெட்டு, வெளிநாட்டு வால்வின் விலையைத் தர முடியாமல் நின்ற ஏழைகளிடமிருந்து. எதைச் செய்வது என்பதை வாழ்க்கை சொல்கிறது. எப்படிச் செய்வது என்பதை அளவீடு சொல்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

மலிவென்றால் மட்டம் என்ற சந்தேகமும் உண்டு. செயற்கைக் கால்களுக்கான சர்வதேசத் தரச் சோதனை, முப்பது லட்சம் தடவை எடையேற்றி இறக்கிப் பார்க்கிறது. விலை குறைவென்று அந்தச் சோதனை யாருக்கும் சலுகை தருவதில்லை. 2019-இல் ஐஐடி மையம் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸோடு சேர்ந்து குறைந்த விலையில் கொண்டுவந்த ‘அரைஸ்’ சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தானே எழுந்து நிற்கலாம். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் படுக்கைப் புண் வரும், எலும்பு வலுவிழக்கும், ரத்த ஓட்டமும் செரிமானமும் கெடும். நிற்பது இங்கே ஆடம்பரமல்ல, மருத்துவத் தேவை. அந்த வசதி பல லட்ச ரூபாய் நாற்காலிக்கு மட்டும் உரியது என்று விட்டுவிடுவதைத் தரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எனக்குக் கடினமாகப் படும் மறுப்பு கடைசியில் வருவது: சாலையும் படிக்கட்டும் இப்படியே இருக்க, கருவியை மட்டும் திருத்தி என்ன பயன்? உண்மை; சாய்தளமில்லாத வாசலை எந்த நாற்காலியும் தனியாக வெல்லாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அந்தக் கடமையை அரசின் மேலும் கட்டடக்காரர்கள் மேலும் வைத்திருக்கிறது. அதைக் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 2.68 கோடிப் பேர் மாற்றுத்திறனாளிகள். சாலை சரியாகும் வரை அவர்களை வீட்டுக்குள் காத்திருக்கச் சொல்ல முடியாது. அதே ஐஐடி மையத்தின் ஆராய்ச்சியில் பிறந்த நியோமோஷன் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட நியோபோல்ட், சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டும் மோட்டார் பகுதி. மாட்டினால் நாற்காலி சாலையில் ஓடும் வண்டியாகிவிடுகிறது. கழற்றினால் வீட்டு நாற்காலி.

கொடுத்த கருவி ஆறு மாதத்தில் பழுதானால் என்ன செய்வது என்பதை முகாம்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. ஒரு பேரிங் தேய்ந்ததற்காகச் செயற்கைக் காலோடு ஒருவர் கிண்டிப் பக்கத்து ஐஐடி வரை போய்வர முடியாது. பருத்திப்பட்டுக்குப் பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. லேத்திலும் டை வேலையிலும் கை தேர்ந்தவர்கள் நிறைந்த பட்டறைகள் அங்கே உண்டு. ஆராய்ச்சி நிறுவனங்கள் இந்த வட்டாரத்துக்கு வரும்போது, கருவியோடு அதன் வரைபடத்தையும் உதிரி பாக அளவுகளையும் கொண்டுவந்து, அந்தப் பட்டறைகளில் நாலைந்தையாவது பழுதுபார்க்கப் பழக்கிவிட்டுப் போக வேண்டும். எந்தப் பாகம் முதலில் தேய்கிறது, எந்தத் திருகு மழைத்தண்ணீரில் துருப்பிடிக்கிறது என்று அவர்கள் குறித்து அனுப்பும் பட்டியல்தான், அடுத்த முட்டியை வடிவமைப்பவரின் மேசையில் முதலில் இருக்க வேண்டிய தரவு.