முழங்கையை அளக்கிறோம், முனைப்பை எப்படி அளப்பது?

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவிலிருந்து போரூர் போகிற வழியில் இருக்கிறது ஸ்ரீ ராமச்சந்திரா நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அதன் விளையாட்டு அறிவியல் மையம், பந்துவீச்சு முறையைச் சோதிக்க 2014-இல் ஐசிசி அங்கீகரித்த ஆய்வகம். சுனில் நரைன், சயீத் அஜ்மல் போன்றவர்கள் இங்கே வந்து வீசிக் காட்டியிருக்கிறார்கள். வீரரின் தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் ஒளியைத் திருப்பியனுப்பும் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டுவார்கள். சுற்றியுள்ள கேமராக்கள் அவற்றின் நகர்வைப் பதிவு செய்யும். கை கிடைமட்டத்துக்கு வந்த கணம் முதல் பந்து விடுபடும் கணம் வரை முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் அது விதிமீறல்.

ஓர் இளம் வீரரைப் பற்றி ஐபிஎல் ஏலத்துக்கு முன் அணிகள் அறிய விரும்பும் இன்னொரு விஷயத்துக்கு இப்படி ஒரு கருவி கிடையாது. பையன் உழைப்பானா? நாலு ஆட்டம் சொதப்பினால் துவண்டுவிடுவானா? கோடியில் பணம் வந்தபின் காலையில் எழுந்து ஓடுவானா?

அமெரிக்காவில் இதே கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. அங்கே அமெரிக்கன் ஃபுட்பாலில் அணியின் தாக்குதலை வழிநடத்துபவர் குவார்ட்டர்பேக். 1998-இல் கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது முதலிடம் பேடன் மேனிங்குக்கு, இரண்டாமிடம் ரயன் லீஃபுக்கு. யார் உசத்தி என்று நிபுணர்களே இரண்டுபட்டு நின்றார்கள். மேனிங் வரலாறு படைத்தார். லீஃப் சில ஆண்டுகளிலேயே களத்தைவிட்டு மறைந்தார். 2000-இல் 199-ஆவதாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி ஏழு சூப்பர் பவுல் வென்றார். கேட் மேசி, ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுத் தேர்வுகளை அலசினார்கள். ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர் அடுத்தவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல்தான் இருந்தது.

நேர்காணல் ஏன் ஏமாற்றுகிறது?

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-இல் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருப்பவர்களுக்கு உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு என்று தனித்தனியே மதிப்பெண் போட்டார்கள். ஆனால் ஒன்றில் உயர்ந்தவர் எல்லாவற்றிலும் உயர்ந்தார். வாட்டசாட்டமான ஆளை நல்லவன் என்றும் நம்பிவிடுகிறது மனம். நம் ஊர் டிரையல்ஸிலும் நெஞ்சை நிமிர்த்தி, சரளமாகப் பதில் சொல்கிற பையன் உழைப்பாளியாகவும் தெரிந்துவிடுகிறான்.

இதற்கு ஒரு மாற்று மருந்தும் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், 1955-இல் 21 வயதில் இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தார். புதிதாகச் சேர்ந்தவர்களைச் சிறிது நேரம் பேசவைத்து எடைபோடும் பழைய முறை, பின்னர் யார் தேறினார்கள் என்பதோடு பொருந்தவேயில்லை. கானமன் ஆறு பண்புகளைப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் நடந்ததைப் பற்றிய கேள்விகள் மட்டும்: எத்தனை வேலை பார்த்தாய், நேரத்துக்குப் போனாயா, விளையாடினாயா? ஒரு பண்புக்கு மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். புதிய முறையின் கணிப்பு பழையதைவிடத் தெளிவாக மேம்பட்டது. எல்லாம் முடிந்தபின் கண்ணை மூடி யோசித்துப் போட்ட ஒட்டுமொத்த மதிப்பெண்ணும் பலன் தந்தது. உள்ளுணர்வு வீண் அல்ல. அது கடைசியில் பேச வேண்டும், அவ்வளவுதான்.

இப்படித் தனித்தனியே எடைபோடும் வழி நம் ஊரிலும் உண்டு. போரூரிலிருந்து மவுன்ட்-பூந்தமல்லி சாலையில் போனால் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி அகாடமி இருக்கிறது. அங்கே சேர்பவர்கள் பொதுவாக சர்வீசஸ் செலக்‌ஷன் போர்டின் ஐந்து நாள் தேர்வைத் தாண்டி வந்தவர்கள். உளவியலாளர், குழுத் தேர்வு அதிகாரி, நேர்காணல் அதிகாரி ஆகிய மூவரும் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். கடைசி நாள் கூடும்போதுதான் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் மயங்கினாலும் மற்றவர் கண் தப்பாது என்பது இதன் பலம்.

ஆனாலும் அளவு மீறி நம்பக் கூடாது. பேரிக், மவுன்ட் என்ற ஆய்வாளர்கள் 1991-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எந்த வேலையானாலும் திறமையோடு விடாமல் தொடர்பு காட்டிய குணம் பொறுப்புணர்வுதான். அந்தத் தொடர்பின் அளவோ சுமார் 0.2. ஒருவருக்கொருவர் உள்ள வித்தியாசத்தில் மிகச் சிறு பங்கையே அது விளக்கும். மீதியில் காயம், பயிற்சியாளர், குடும்பச் சூழல், அதிர்ஷ்டம் எல்லாம் கலந்திருக்கின்றன.

சின்னப்பம்பட்டி சொல்லும் பாடம்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த பந்துவீச்சாளர் நடராஜன் 2014-15 பருவத்தில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சியில் இறங்கினார். உடனே அவரது பந்துவீச்சு முறைமீது புகார் வந்தது. எத்தனையோ பேர் அத்தோடு ஊர் திரும்பியிருப்பார்கள். அவர் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து, பழகிய பந்துவீச்சு முறையை அடியோடு மாற்றினார். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) யார்க்கர்களாகப் போட்டுத் தள்ளினார். 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரை 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

வென்றவரின் கதையை வைத்து விதி செய்வது ஆபத்து. அதே அளவு உழைத்தும் பெயர் வெளிவராதவர்கள் ஏராளம். நான் சொல்வது ஒன்றுதான்: ஏலத்துக்கு முன் அவரது குணத்துக்குச் சாட்சி தேடியவருக்கு, புகாருக்குப் பிந்தைய அந்த மாதங்கள் கண்ணெதிரே கிடந்தன. பத்து நிமிட நேர்காணலில் அது தெரிந்திருக்காது.

ஆகவே போரூர், பூந்தமல்லி, ஆவடி பக்கம் பையன்களுக்கும் பெண்களுக்கும் விளையாட்டுச் சொல்லித்தரும் பயிற்சியாளர்கள் ஒரு நோட்டு போட வேண்டும். யார் எத்தனை நாள் வந்தார்கள், திருத்தச் சொன்னதை எத்தனை வாரத்தில் திருத்தினார்கள், காயத்துக்குப் பின் சொன்ன உடற்பயிற்சியைச் செய்தார்களா, அணியில் பெயர் இல்லாத வாரம் நெட்டுக்கு வந்தார்களா? நடந்ததை மட்டும் எழுதுங்கள். தேர்வாளர்களும் அதைக் கேட்டு வாங்கி, தனித்தனியே மதிப்பெண் போட்டபின் கலந்து பேசட்டும். அப்படி ஒரு பதிவு இருந்தால், நாலு பேர் முன் பேசத் தயங்கும் பிள்ளையின் உழைப்பும் கணக்கில் வரும். இல்லையென்றால் வாய்ப்பு வாய்ச்சொல் வீரருக்கே போகும்.