மாடுலர் சிந்தசைசர்: எந்த உயரம், எந்த ஜாக்?

திருப்பதியில் நாயனக்காரர் ஒருவர் குட்டையான திமிரி நாயனம் எடுப்பதா, நீளமான பாரி எடுப்பதா என்று தீர்மானித்ததுமே சீவாளியின் அளவும் ஒத்தின் சுருதியும் சேர்ந்தே தீர்மானமாகிவிடும். மாடுலர் சிந்தசைசர் வாங்குபவர் நிலையும் அதுதான்: உயரத்தைத் தேர்ந்ததுமே ஜாக்கும் கூடவே வந்துவிடும்.

ஒரே பெட்டியாகக் கடையில் கிடைக்கும் கீபோர்டு அல்ல இது. ஒலியைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர், அதைச் செதுக்கும் ஃபில்டர், கூட்டிக் குறைக்கும் ஆம்ப்ளிஃபையர் எல்லாம் தனித்தனி மாட்யூல்கள். சட்டத்தில் வரிசையாக மாட்டி, கேபிளால் இணைத்துக் கருவியை நாமே உண்டாக்க வேண்டும். சுருதியை ஆள்வதும் கேபிள் வழி வரும் மின்னழுத்தமே. பெரும்பாலான வகைகளில் ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏறும்.

நம் நாட்டுக்கு இது நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கர் மூக் மாடுலர் ஒன்றை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர் போன்றவர்கள் அதில் இசையமைத்தார்கள். நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடந்த அந்த இசையின் ஒலிநாடாக்களைப் பால் பர்கஸ் என்பவர் தேடியெடுக்க, 2023-ல் அவை தொகுப்பாக வெளிவந்தன.

அந்த மூக் வழி வந்ததுதான் ‘5யூ’ (யூ என்பது சட்டத்தின் உயர அலகு). மாட்யூல் ஏறக்குறைய 22 செ.மீ. உயரம், கிட்டாரில் செருகும் அதே 6.35 மி.மீ. ஜாக், கை நிறையப் பிடித்துத் திருகும் குமிழ்கள். வாசிக்க இதைவிடச் சுகமானது கிடையாது. ஆனால் ஒரு சுவரையே காலி செய்து வைத்திருக்க வேண்டும். புக்லா, செர்ஜ் என்ற வகைகள் இரண்டும் ‘4யூ’. செர்ஜில் எல்லாமே வாழைப்பழ பிளக். ஒன்றின் தலையில் இன்னொன்றைச் செருகி ஒரே சிக்னலைப் பல இடத்துக்கு அனுப்பலாம். புக்லாவில் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்துக்கு மட்டும் அந்த பிளக், ஒலிக்கு வேறு ஜாக். தவிர, புக்லாவுக்கு ஒரு ஸ்தாயி என்பது 1.2 வோல்ட். மற்ற வகைக் கருவியோடு அப்படியே இணைத்தால் சுருதி சேராது.

இன்று உலகம் முழுக்கப் பரவியிருப்பது ‘யூரோராக்’. ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990-களின் நடுவில் கொண்டுவந்தது. 128.5 மி.மீ. உயரம், செல்போன் ஹெட்போன் அளவு 3.5 மி.மீ. ஜாக், ±12 வோல்ட் மின்சாரம். நூற்றுக்கணக்கானோர் மாட்யூல் தயாரிக்கிறார்கள். உதிரியும் பழையதும் எளிதில் கிடைக்கும். குமிழ்கள் நெருக்கம்தான், தடித்த விரல்காரர்கள் திட்டிக்கொண்டே வாசிப்பார்கள். உள்ளே மின்சாரம் தரும் பட்டைக் கேபிளைத் திருப்பிச் செருகினால் மாட்யூல் புகைந்துவிடவும் கூடும். அந்தக் கேபிளின் சிவப்புக் கோடு –12 வோல்ட் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும்.

சித்தூர், திருப்பதி பக்கம் இருப்பவருக்கு நான் சொல்வது யூரோராக்தான். அதற்கும் முன்னால் விசிவி ராக் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் ஏற்றிச் சில மாதம் கேபிள் மாட்டிப் பழகுங்கள். எந்த மாட்யூல் இல்லாமல் தூக்கம் வராது என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

எந்த வகையானாலும் இந்த ஊர்க்காரர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு: ஆசிலேட்டரில் வெப்ப ஈடு இருக்கிறதா? அனலாக் ஆசிலேட்டரின் டிரான்சிஸ்டர் வெப்பத்துக்கு ஏற்ப மாறும். ஈடு செய்யாவிட்டால் 10 டிகிரி கூடும்போது வோல்ட்–ஸ்தாயிக் கணக்கு சுமார் 3.3 சதவீதம் பிசகும். சுருதி சேர்த்த இடத்திலிருந்து மூன்று ஸ்தாயி தள்ளி வாசித்தால் ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் மேலான பிழை. ஷட்ஜம் பக்கத்து ஸ்வரத்தில் போய் நிற்கும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது பொறுக்காது. ஈடு இருந்தாலும், 40 டிகிரி தாண்டும் மே மாதத்தில் கருவியை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பிறகே சுருதி சேருங்கள். வாசித்து முடிக்கும்வரை ஏ.சி. ரிமோட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.