நான்கு நிமிடச் சூடு

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில், ஆய்வாளர் சாரிசிஃப்ட்சியின் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பிளாஸ்டிக் சூரிய மின்கலங்களைப் பற்றிய பார்வையையே மாற்றியது. தன்மேல் விழும் ஒளியாற்றலில் 0.4 சதவீதத்தை மட்டுமே மின்சாரமாக்கிய கலத்தை 75 டிகிரி செல்சியஸில் நான்கு நிமிடம் சூடேற்றினார்கள், திறன் 2.5 சதவீதமானது. சூட்டோடு மின்னழுத்தமும் கொடுத்தபோது 3.5 சதவீதத்தைத் தொட்டது. கலத்தில் புதிய பொருள் எதுவும் சேரவில்லை. இத்தகைய கலங்களில் பயன்படும் கரிமக் குறைகடத்தியின் தரத்தை மூலக்கூறு மட்டும் தீர்மானிப்பதில்லை, மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கும் விதமும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

அந்தக் கலத்தில் ஒளியை உறிஞ்சும் படலம், பி3எச்டி என்ற பாலிமரும் ஃபுல்லரின் எனும் கார்பன் மூலக்கூறு வகைப் பொருளும் கலந்தது. கரைசலைப் பூசியதும் கரைப்பான் விரைவாக ஆவியாகிவிடுவதால், பாலிமர் இழைகள் ஒழுங்குபட நேரமின்றிச் சிக்கலாகவே உறைந்துவிடுகின்றன. சூடு அவற்றுக்கு அசையும் வாய்ப்பைத் தருகிறது. இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நுண்படிகங்களாகின்றன. மின்னூட்டம் எளிதாகத் தாவுகிறது. சிவப்பு ஒளியும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. ஃபுல்லரினும் ஆங்காங்கே திரண்டு எலக்ட்ரான்களுக்குப் பாதை அமைக்கிறது.

அப்படியானால் சூட்டை ஏற்றிக்கொண்டே போகலாமா? கூடாது. ஒளியால் எழும் கிளர்ச்சி சுமார் 10 நானோமீட்டர் தூரமே பயணிக்கும். அதற்குள் இரு பொருள்களின் எல்லையை எட்டாவிட்டால் வீணாகும். சூடு மிஞ்சினால் ஃபுல்லரின் பெருங்கட்டிகளாகத் திரண்டு அந்த எல்லைகளைக் குறைத்துவிடும். பாகுக்குப் போலவே இதற்கும் பதம் உண்டு. அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் ஆய்வாளர் ஹீகரின் குழுவினர் 2005இல் அலுமினிய மின்முனையைப் படியவைத்த பிறகு 150 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி, சுமார் 5 சதவீதத் திறனைப் பெற்றார்கள். சில கலவைகளுக்குச் சூடே தேவையில்லை, கரைசலில் சேர்க்கும் துணைப்பொருளே போதும் என்பது உண்மைதான். ஆனால் அது வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது: வேண்டியது ஒழுங்கு, சூடு அதற்கான வழிகளுள் ஒன்று. சூட்டில் அசையும் மூலக்கூறுகள் ஆண்டுக்கணக்கான வெயிலிலும் மெல்ல இடம் மாறக்கூடும் என்ற கவலையும் நியாயமானதே. ஆகவே புதிய மூலக்கூறைத் தேடும் அதே அக்கறையோடு, அதன் ஒழுங்கை உருவாக்கவும் நிலைநிறுத்தவும் நாம் கற்க வேண்டும்.