மலை மட்டும் வீரரை உருவாக்குவதில்லை

மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கால்வலிமையும் மூச்சுவலிமையும் இயல்பாகவே வாய்த்துவிடுகின்றன என்பது எம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கையாகும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இந்த நம்பிக்கை பொருந்துமாயின், இறக்குவானை, பலாங்கொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை மலைச்சரிவுகளிலிருந்து ஆண்டுதோறும் மெய்வல்லுநர்கள் உருவாகியிருக்க வேண்டும். ஆனால், தேசிய மட்டத்தில் பெயர் பதித்த சப்ரகமுவ தோட்டப்புற வீர வீராங்கனைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. இதற்கான காரணத்தை அறிய, பனி படர்ந்த ஒரு மலைக் கிராமத்தின் அனுபவம் பெரிதும் உதவக்கூடியது.

இந்தியாவின் இமாசலப் பிரதேசத்தில், மணாலிக்கு அண்மையில் புருவா என்ற கிராமம் அமைந்துள்ளது. அதனை அடுத்துள்ள சோலாங் பள்ளத்தாக்கின் சரிவுகள் குளிர்காலத்தில் பனியால் மூடப்படுகின்றன. இக்கிராமத்தைச் சேர்ந்த ஹிமான்சு தாகூர், ஆஞ்சல் தாகூர் ஆகிய அண்ணனும் தங்கையும் பனிச்சறுக்கு ஓட்டப் போட்டிகளுக்குத் தம்மை அர்ப்பணித்தவர்கள்.

பனியைக் கண்டிராத எமது வாசகர்களுக்கு இப்போட்டியைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுவது பொருத்தமானது. இரு கால்களிலும் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு, சரிவின் உச்சியிலிருந்து அடிவாரம்வரை விரைந்து இறங்குவதே இதன் அடிப்படை. ஸ்லாலம் என்ற பிரிவில், வழிநெடுகிலும் நெருக்கமாக நடப்பட்டுள்ள கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து செல்ல வேண்டும். ஒரு வாயிலைத் தவறவிட்டாலும் ஓட்டம் கணக்கில் கொள்ளப்படமாட்டாது. இரு தடவைகள் இறங்கி, இரண்டிலும் எடுத்த நேரங்கள் கூட்டப்படுகின்றன. வெற்றியாளரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரு செக்கனின் நூற்றிலொரு பங்குகளேயாகும். எனவே, இது வெறும் துணிச்சலைச் சார்ந்த விளையாட்டன்று. சிறுவயது முதல் ஒரே அசைவை ஆயிரக்கணக்கான தடவைகள் செய்து பழகியவர்களுக்கே இது கைகூடும்.

அண்ணன் ஹிமான்சு 2014 ஆம் ஆண்டு ரஷ்யாவின் சோச்சி நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் பங்குபற்றினார். அவ்வேளையில் இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநிறுத்தப்பட்டிருந்ததால், இந்திய வீரர்கள் ஆரம்ப விழாவில் தேசியக் கொடியின்றியே அணிவகுத்தனர். போட்டிகள் நடந்துகொண்டிருக்கும்போதே அத்தடை நீக்கப்பட்டமையால், ஹிமான்சு தமது நாட்டின் பெயரிலேயே களமிறங்க முடிந்தது. தங்கை ஆஞ்சல் 2012 ஆம் ஆண்டு இன்ஸ்புரூக் இளைஞர் குளிர்கால ஒலிம்பிக்கில் பங்குபற்றியவர். 2018 ஆம் ஆண்டு ஜனவரியில் துருக்கியின் எர்சுரூம் நகரில் நடைபெற்ற சர்வதேசப் போட்டியின் ஸ்லாலம் பிரிவில் அவர் வெண்கலப் பதக்கம் வென்றார். சர்வதேசப் பனிச்சறுக்குப் போட்டியொன்றில் இந்தியா பெற்ற முதலாவது பதக்கமாக அது கொண்டாடப்பட்டது.

இமயத்தின் அடிவாரத்தில் பனிபடர்ந்த கிராமங்கள் ஏராளமாக உள்ளன. அவை அனைத்திலிருந்தும் வீரர்கள் தோன்றிவிடவில்லை. புருவாவின் இந்த வீட்டில் வேறு சில காரணிகளும் ஒன்றுசேர்ந்திருந்தன.

முதலாவது, வழிகாட்டக்கூடிய ஒரு பெரியவர். இவர்களது தந்தையான ரோஷன் தாகூர் பனிச்சறுக்கில் ஈடுபாடு கொண்டவர். இந்தியக் குளிர்கால விளையாட்டுச் சம்மேளனத்தின் செயலாளர் நாயகமாகவும் பணியாற்றியவர். இரண்டாவது, பயிற்சி பெறும் வாய்ப்பு. மணாலியில் இயங்கும் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் பனிச்சறுக்கையும் கற்பித்துவருகிறது. மூன்றாவதும் மிக முக்கியமானதும், மகனுக்குக் கிடைத்த வாய்ப்பு மகளுக்கும் கிடைத்தமையாகும். மகன் ஓடட்டும், மகள் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அக்குடும்பம் எண்ணியிருந்தால், 2018 ஆம் ஆண்டின் பதக்கம் கிடைத்திருக்கப்போவதில்லை.

காஷ்மீரில் இருந்தும் இதற்கு ஒப்பான ஓர் உதாரணத்தைக் காட்டலாம். 2022 ஆம் ஆண்டு பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரேயொரு போட்டியாளராகப் பங்குபற்றிய ஆரிப் கான், குல்மார்க் அருகே பனிச்சறுக்கு உபகரணக் கடை நடத்திய தந்தையின் மகனாவார். அங்கும் மலையோடு ஒரு மனிதரின் கைகாட்டலும் இருந்தது.

இனி எமது தோட்டங்களுக்கு வருவோம். சப்ரகமுவ தோட்டங்களில் சமதரை என்பது அரிய பொருள். தேயிலையும் இறப்பரும் சரிவுகளை நிறைத்திருக்க, எஞ்சிய சிறு தளங்களைத் தொழிற்சாலையும் லயன்களும் பிடித்துக்கொண்டுள்ளன. பல தோட்டங்களில் மைதானம் எனப்படுவது, தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் சேறாகிவிடும் ஒரு துண்டு நிலமேயாகும். சிறிய தமிழ்ப் பாடசாலைகளில் விளையாட்டுக்கெனப் பயிற்றப்பட்ட ஆசிரியர் ஒருவர் இருப்பதே பெரும் பேறாகக் கருதப்படுகிறது.

பாடசாலை விளையாட்டுத்துறையில் வலயம், மாகாணம், தேசியம் எனப் படிமுறைகள் உள்ளன. ஏணி இல்லாமலில்லை, அதன் முதற் படியில் கால்வைக்க வேண்டிய பிள்ளைக்குச் சப்பாத்தும், பஸ் கட்டணமும், துணைக்குச் செல்ல ஒருவரும் தேவை. வலயப் போட்டி நடைபெறும் நகரத்திற்குப் பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டுமானால், தாயோ தந்தையோ ஒரு நாள் பேரை இழக்க வேண்டியேற்படுகிறது. நாட்கூலியில் வாழும் குடும்பத்திற்கு அது சிறிய விடயமல்ல.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமானது. தாய் விடிந்ததும் கொழுந்து பறிக்க மலைக்குச் சென்றுவிட, தம்பி தங்கையரைப் பராமரிக்கும் பொறுப்பு மூத்த பெண்பிள்ளையின் தோள்களில் விழுகிறது. பருவமடைந்த பின்னர் விளையாட்டு உடையில் ஓடுவதற்கும் தடை போடப்படுகிறது. பன்னிரண்டு வயதில் பாடசாலையிலேயே வேகமாக ஓடிய சிறுமி, பதினைந்து வயதில் ஓட்டப் பாதையின் ஓரத்தில் நின்று கைதட்டுகிறாள். வேகம் அவளை விட்டுப் போகவில்லை. அவளை ஓடவிடவில்லை என்பதே உண்மை.

இந்த மாகாணத்து மண்ணில் ஒரு பெண்ணால் எதுவும் இயலாது என்று எவரும் கூறமுடியாது. கேகாலை மாவட்டத்தின் வறக்காப்பொலைக்கு அண்மையிலுள்ள அத்னவலை என்ற கிராமத்தில் வறிய குடும்பமொன்றில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க, 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாமிடம் பெற்றார். முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2007 ஆம் ஆண்டு ஒப்புக்கொண்டதைத் தொடர்ந்து, 2009 ஆம் ஆண்டு சுசந்திகாவின் பதக்கம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அக்கிராமத்திற்கும் அயலிலுள்ள தோட்டத்து லயன்களுக்கும் இடையே உள்ள தூரம் சில மைல்களே. வாய்ப்புகளின் தூரமோ அதனிலும் பன்மடங்கு நீண்டது.

செய்யவேண்டியவை பெரும் பொருட்செலவு கோருபவையல்ல. தோட்ட நிர்வாகங்கள் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு துண்டு நிலத்தையேனும் சமப்படுத்தி, வடிகால் அமைத்துக் கொடுக்கலாம். வலயக் கல்விப் பணிமனைகள் பல சிறு பாடசாலைகளை இணைத்து, அவற்றுக்குப் பொதுவாக ஒரு பயிற்றுநரை வாரத்தில் இரு நாட்களுக்கு அனுப்பலாம். தொழிற்சங்கங்கள், பிள்ளையைப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரின் ஒரு நாள் சம்பளத்தை ஈடுசெய்ய முன்வரலாம். பெற்றோர் செய்ய வேண்டியதற்கோ பணமே தேவையில்லை. அண்ணனை மைதானத்திற்கு அனுப்பும்போது தங்கையையும் உடன் அனுப்பினாலே போதுமானது.

பதக்கம் கிடைத்த பின்னர் மாலையுடன் வருவதற்கு எந்த நாட்டிலும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பதக்கத்திற்கு முன்னரான பத்து ஆண்டுகளில் அப்பிள்ளையின் அருகில் நிற்பவர் யார் என்பதே கேள்வியாகும். எமது பிள்ளைகளுக்கு இயற்கை மலையைத் தந்துள்ளது. எஞ்சியதைத் தரவேண்டியவர்கள் நாமே.