தொட்டபெட்டாவிலிருந்து கோவை எவ்வளவு தூரம்?

நீங்கள் நிற்கும் தொட்டபெட்டா உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,637 மீட்டர் உயரம். படுகர் மொழியில் தொட்டபெட்டா என்றால் பெரிய மலை. மேகம் விலகினால் (விலகினால்தான்!) தென்கிழக்கே சமவெளியில் கோவை தெரியும். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் அதன் திசைக்கோணம் ஏறக்குறைய 150 பாகை.

தூரம்? கோவையின் உயரம் சுமார் 411 மீட்டர். ஆக, நீங்கள் அதைவிட 2,226 மீட்டர் மேலே. கிடைமட்டத்திலிருந்து பார்வையை ஏறத்தாழ 2.8 பாகை தாழ்த்தினால் ஊர் கண்ணில் படும். 2,226-ஐ அந்தக் கோணத்தின் 'டேன்' மதிப்பான 0.0489 ஆல் வகுத்தால் 45.5 கி.மீ.

ஆனால் உண்மையான நேர்கோட்டுத் தூரம் 49 கி.மீ. அருகில் வரும். பூமி வளைந்திருப்பதால் ஊர் மேலும் 190 மீட்டர் போல் கீழே இறங்கிக் கிடக்கிறது. காற்று ஒளியை வளைத்து அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது. சாலையில் போனால் கொண்டை ஊசி வளைவுகளோடு 80 கி.மீ.க்கும் மேல்.

இந்த வம்பே வேண்டாமென்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே ஏறக்குறைய 12 கி.மீ. நீளத்துக்கு 100 அடிச் சங்கிலியைப் போட்டு அளந்தார். அந்த ஒரு கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குறியைப் பார்த்துக் கோணம் எடுத்தால் போதும், முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களும் கணக்கிலேயே வந்துவிடும். அவற்றில் ஒரு பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். அவர் கோணம் பார்த்த கருவியான தியோடலைட்டின் எடை அரை டன். 1808-இல் தஞ்சைக் கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்டன் தானே வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்.