ஹவாய் வெப்பப்புள்ளியின் இடப்பெயர்ச்சி

மூடகத்திலிருந்து மேலெழும் சூடான பாறைப்பொருள், மேலுள்ள புவித்தட்டைத் துளைத்து எரிமலைகளை உருவாக்கும் இடம் வெப்பப்புள்ளி எனப்படுகிறது. ஹவாய் வெப்பப்புள்ளியின் மீது பசிபிக் தட்டு நகர்ந்ததால் ஹவாய்–எம்பெரர் கடலடி மலைத்தொடர் உருவானது. தொடரில் ஹவாயிலிருந்து விலகிச் செல்லச் செல்ல மலைகளின் வயது கூடுகிறது. இவ்விளக்கத்தின் அடிப்படையை 1963இல் கனடிய அறிவியலாளர் ஜான் டூசோ வில்சன் முன்வைத்தார். வெப்பப்புள்ளி அசையாதது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான வளைவுக்குத் தட்டின் திசைமாற்றமே காரணம் எனவும் கூறப்பட்டது.

இதைச் சோதிக்கப் பழைய பசால்ட்டுப் பாறைகள் உதவின. எரிமலைக்குழம்பு குளிரும்போது அதிலுள்ள மேக்னடைட்டு போன்ற கனிமங்கள் அக்காலப் புவிக்காந்தப் புலத்தின் திசையைப் பதிவு செய்கின்றன. இப்புலம் நிலநடுக்கோட்டருகே கிடையாகவும் துருவங்களருகே செங்குத்தாகவும் அமைவதால், அதன் சாய்விலிருந்து பாறை உருவான அகலாங்கைக் கணக்கிடலாம். ஆர்கான் ஓரிடத்தான்கள் பாறையின் வயதைத் தருகின்றன.

வெப்பப்புள்ளி நிலையானதெனில் எல்லா மலைகளும் இன்றைய ஹவாயின் அகலாங்கான 19° வடக்கையே காட்ட வேண்டும். ஆனால் 2001இல் எம்பெரர் மலைகளில் துளையிட்டு எடுத்த பாறைகளில், மிகப் பழையவை 30°க்கும் வடக்கே உருவானது தெரியவந்தது. எனவே வளைவு தோன்றுவதற்கு முன் வெப்பப்புள்ளியே தெற்கு நோக்கி நகர்ந்துள்ளது. வெப்பப்புள்ளிகளை அசையாக் குறிகளாகக் கொண்டு தட்டுகளின் பழைய நகர்வைக் கணக்கிட்ட முறையும் இதனால் திருத்தப்பட வேண்டியதாயிற்று.