முந்நூறு சதுர அடி வெயில்

சித்திரை பிறந்துவிட்டால் கடலோர ஊரான பொம்மையார்பாளையத்தில் இரவு எட்டு மணிக்கே மொட்டை மாடிகளில் பாய் விரிந்துவிடும். கடற்காற்று மேலே நன்றாகத்தான் வீசுகிறது. வீட்டுக்குள் மட்டும் யாரும் படுப்பதில்லை. "உள்ள போயிப் பாருப்பா, எரியிற அடுப்புக்குப் பக்கத்துல குந்துன மாதிரி இருக்கும்" என்றார் எனக்கு அத்தை முறையாகும் ஒருவர். கீற்றுக் கொட்டகையில் பிறந்து, சுனாமிக்குப் பிறகு கான்கிரீட் வீட்டுக்கு மாறியவர். ஸ்டூல் போட்டு ஏறி மேல்தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மணி இரவு பத்து. காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டதுபோல் சுட்டது.

பகல் வெயில் இரவு பத்து மணிக்கு எங்கிருந்து வருகிறது, அதைத் தடுக்க எவ்வளவு ஆகும் என்று அன்றைக்கே கணக்குப் போட உட்கார்ந்தேன்.

முதலில் பரப்பளவு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தமிழகக் கடற்கரையில் அரசுத் திட்டத்தில் கட்டிய வீடுகள் சுமார் 325 சதுர அடி. மதிப்பு ஏறக்குறைய 1.5 லட்சம் ரூபாய். 2011இல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் வீடு 300 சதுர அடி. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம், உதவித்தொகை 3.5 லட்சம். 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. 8 லட்சத்தை 300ஆல் பெருக்கினால் 24 கோடி சதுர அடி, அதாவது சுமார் 22 சதுர கிலோமீட்டர் கான்கிரீட் கூரை வெயிலில் கிடக்கப்போகிறது. கீற்று போனதில் எனக்கு வருத்தம் இல்லை. தீப்பிடித்தால் தெருவே போகும், மழைக்கு ஒழுகும், ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும். ஆனால் கீற்று சூட்டைச் சேர்த்து வைக்காது. பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். அந்த ஒரு குணத்துக்குப் பதிலாக எதையும் வைக்காமல் விட்டுவிட்டோம்.

ஆகவே கணக்கு 300 சதுர அடிக்கு. மீட்டரில் 27.9 சதுர மீட்டர். கத்திரி வெயில் நடுப்பகலில் ஒரு சதுர மீட்டருக்கு 900 வாட் வெயில் என்று வைக்கிறேன். வெளியே 36 டிகிரி, அறைக்குள் 33. பாசி பிடித்துக் கருத்த கான்கிரீட் பத்தில் ஏழு பங்கு வெயிலைக் குடித்துவிடும். காற்று ஆற்றுவதைக் கழித்தாலும், தளத்தின் மேல் 62 டிகிரி அனல் கவிந்ததற்குச் சமம். 5 அங்குலத் தளமும் கீழ்ப்பூச்சும் சேர்ந்து, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டரில் 3.3 வாட் சூட்டை உள்ளே விடும். இதைத்தான் பொறியாளர்கள் யு மதிப்பு என்கிறார்கள். மேலே 62, உள்ளே 33, வித்தியாசம் 29 டிகிரி. 27.9, 3.3, 29 மூன்றையும் பெருக்கினால் சுமார் 2,650 வாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் இரண்டரையை உத்தரத்தில் கவிழ்த்து மாட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு, அதன்கீழ் பிள்ளையைத் தூங்கவைப்பதற்கு ஒப்பு இது.

இது நடுப்பகல் உச்சக் கணக்கு. அத்தை வீட்டு இரவுச் சூட்டுக்கு இன்னொரு பெருக்கல் வேண்டும். 5 அங்குலக் கனத்தில் அந்தத் தளம் 3.5 கன மீட்டர், எடை 8.4 டன். அது காலை இருந்ததைவிட 15 டிகிரி சூடேற விழுங்கும் வெப்பம் ஏறத்தாழ 30 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சூரியன் போன பிறகு அந்த 30 யூனிட்டில் ஒரு பகுதி வானத்துக்குப் போகும், மீதி கீழே படுத்திருப்பவர் மேல் இறங்கும். கடலோரத்தில் இரவுக் காற்றும் எளிதில் குளிராது. அதனால் தளம் ஆற விடியற்காலை ஆகிவிடும். ஆக, சூட்டைத் தடுக்கும் எதுவும் தளத்துக்கு மேலே இருக்க வேண்டும். கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டால் அறைக்கு வரும் சூடு குறையும் என்பது உண்மை. ஆனால் 8 டன் கான்கிரீட் வழக்கம்போல் வெயில் குடித்து, விரிந்து சுருங்கி, விரிசல் விடும். தாழ்ந்த அறையில் ஃபேன் இன்னும் கீழே இறங்கி, தலைக்கு மேல் இடமும் போய்விடும்.

இனி மாற்று வழிகள். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். நான் போடுவது உத்தேசம்.

மிகக் குறைந்த செலவு சுண்ணாம்பு. 300 சதுர அடிக்கு இரண்டு கை அடிக்க 10 முதல் 15 கிலோ, ஒட்டிப் பிடிக்க கொஞ்சம் பசை, ஒரு மட்டை. ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். தளம் குடிக்கும் வெயில் பத்தில் ஏழிலிருந்து மூன்றாக இறங்கும். 62 டிகிரி 45 ஆகும். உள்ளே வரும் 2,650 வாட் சுமார் 1,100 ஆகிவிடும். ஒரு மட்டையும் ஒரு காலைப்பொழுதும் பாதிக்கு மேல் சூட்டைத் திருப்பி அனுப்புகின்றன. குறை ஒன்றுதான்: ஐப்பசி கார்த்திகை மழை கழுவிவிடும், வருடாவருடம் மாசியில் மறுபடி அடிக்க வேண்டும். வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் இதே வேலையை நாலைந்து வருடம் செய்யும். இரண்டு கோட்டுக்கு 12 முதல் 15 லிட்டர், கூலியோடு ஐந்தாறாயிரம்.

அடுத்தது நம் பழைய தட்டோடு வேலை. செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் 32க்கு 12½ என்ற அளவில் கலந்து, கட்டையால் தட்டித் தட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, மேலே தட்டோடு பதிப்பது. மழைநீர் ஓட வாட்டம் கொடுப்பதில் இதற்கு இணை இல்லை. சூட்டைத் தடுப்பதில் பலர் நம்பும் அளவுக்கு இது உதவுவதில்லை. 3 அங்குலத்துக்கு 2.1 கன மீட்டர், கிட்டத்தட்ட 4 டன் எடை ஏறும். யு மதிப்பு 3.3இலிருந்து 2.3க்குத்தான் இறங்கும். 2,650 வாட் 1,860 ஆகும். தட்டோட்டின் சிவப்பின்மேல் வெள்ளை அடித்தால் 770.

மூன்றாவது, எக்ஸ்பிஎஸ் ஷீட். தெர்மோகோல் இனம், ஆனால் இறுக்கமானது, மேலே ஆள் நடந்தாலும் நசுங்காது, நீர் உறிஞ்சாது. 50 மில்லிமீட்டர் கனத்தில் இந்தக் கூரைக்கு 1.4 கன மீட்டர்; எடை வெறும் 45 கிலோ. 4 டன் ஜல்லி செய்யாததை 45 கிலோ நுரை செய்கிறது: யு மதிப்பு 0.5, உள்ளே வருவது 400 வாட். வெள்ளையும் சேர்ந்தால் 170 வாட்; இரண்டு ஃபேன்களின் மின்சாரம்தான். ஷீட் மட்டும் 11 முதல் 14 ஆயிரம். அடியில் நீர்க்காப்பு, மேலே வலை வைத்த தளப்பூச்சு, ஓடு, கூலி எல்லாம் சேர்த்து 30 முதல் 40 ஆயிரம். மேல்பூச்சு இல்லாமல் சும்மா பரப்பிவிடக் கூடாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரை ஏறியது இந்தப் பக்கத்தில்தான். 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 300 சதுர அடித் தளத்தில் அது 14,000 லிட்டர். வாட்டமும் வடிகுழாயும் சரியில்லாத கூரையில் எந்தக் காப்பும் நிலைக்காது.

இந்தச் செலவு மின்கட்டணத்தில் திரும்ப வருமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஏசி உள்ள வீட்டில் வரும். ஒரு டன் ஏசி இரவு 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 480 யூனிட் வரை ஏறும். வீடு 500 யூனிட்டைத் தாண்டிவிடும், அதற்குமேல் யூனிட் 8 ரூபாய்க்கு மேல். கூரை குளிர்ந்து 120 யூனிட் குறைந்தால் பில்லுக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம், கோடையின் மூன்று பில்லுக்கு மூவாயிரம். பெயிண்ட் காசு இரண்டு வருடத்தில் வந்துவிடும், எக்ஸ்பிஎஸ் காசுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும்.

அத்தை வீட்டில் வராது. இரண்டு ஃபேன், நாளுக்கு 12 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம். கூரை குளிர்ந்தாலும் ஃபேன் ஓடத்தான் போகிறது. மிச்சம் சுழியம். கூரைக்காப்பை மின்சேமிப்பாக மட்டும் எழுதும் எந்தத் திட்ட அறிக்கையும் இந்த வீட்டை விட்டுவிடும். ஏசி வாங்க முடியாதவர்களுக்குத்தான் இது முதலில் தேவை என்பதே என் கட்சி. அவர்கள் கணக்கில் வரவு பணமில்லை, விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர் தூங்கிய மணி நேரம்.

சட்டமும் கைகொடுக்கவில்லை. 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரையின் யு மதிப்பு 1.2ஐத் தாண்டக் கூடாது என்கிறது. நல்ல விதி. நம் வெற்றுத் தளம் அதைப்போல் 2.7 மடங்கு. ஆனால் அது பொருந்துவது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு, அதாவது 12 சென்ட்டுக்கு மேல். ஒன்றரை சென்ட்டில் கட்டும் வீட்டுக்கு எந்த அளவும் இல்லை. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. நம் மாநிலம் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அதே கையோடு கனவு இல்லத்தின் மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரி சேர்க்கலாம். 3.5 லட்சத்தில் வெள்ளை பெயிண்டுக்கு ஆவது நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. எக்ஸ்பிஎஸ் பத்து ரூபாய். கட்டும்போதே போட்டால் தளப்பூச்சுக் கூலி இரட்டிப்பு ஆகாது.

அத்தை வீட்டுக்கு இந்த வருடம் சுண்ணாம்புதான். 12 கிலோ வாங்கி முதல்நாள் இரவே டிரம்மில் ஊறவைத்தோம். காலை ஆறு மணிக்குப் பாசியைச் சுரண்டிக் கழுவி, ஒன்பதுக்குள் முதல் கை, மறுநாள் இரண்டாவது. கூசுகிறது என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு தளத்தின் நடுவில் நின்றார் அத்தை. வெறுங்காலோடு நின்றார், மணி அப்போது பதினொன்று.